மட்டக்குதிரைச் சங்கமும் இளைஞர் பரிப்போட்டிகளும்

உதகமண்டலத்து ஏரிக்கரையிலும் சென்னைக் கடற்கரையிலும் சிறுவரை முதுகில் ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளை நம்மிற் பலர் கண்டிருப்போம். சிலர் ஏறியும் இருப்போம். குதிரைக்காரர் குழந்தையைத் தூக்கிச் சேணத்தின்மேல் வைப்பார், கயிற்றைப் பிடித்துச் சிறிது தூரம் நடப்பார், திரும்பி வருவார். தந்தையார் காசு கொடுப்பார், குழந்தை இறங்கிவிடும். அக்குதிரை காலையில் யாது தின்றது, எப்பொழுது நீர் அருந்திற்று, அதற்கு இலாடம் கட்டி எத்துணை நாளாயிற்று என்பன அக்குழந்தைக்குத் தெரியா. தெரிதல் வேண்டும் என்று எண்ணுவாரும் இலர். ஏறுதலும் இறங்குதலுமே சவாரி என்று கொண்டுவிட்டோம். இதற்கு நேர்மாறானதொரு கல்விமுறை சென்ற நூற்றாண்டில் இங்கிலாந்திலே தோன்றிப் பல நாடுகளிற் பரவியுளது. அம்முறையின் இயல்பையும், அதனின்று கிளைத்த போட்டிகளின் இயல்பையும் மாணவ நண்பர்களுக்குச் சிறிது எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போருக்குப் பின்னர் இங்கிலாந்தின் சாலைகளில் மோட்டார் வண்டிகள் பெருகின. வயல்களிலும் பொறிகள் புகத் தொடங்கின. தலைமுறை தலைமுறையாகக் குதிரையோடு வாழ்ந்த மக்களிடையே அக்குதிரையைப் பற்றிய அறிவு தேய்ந்துபோமோ என்னும் கவலை எழுந்தது. அவ்வறிவைக் காக்கும் பொருட்டு 1925-இல் குதிரைக் கழகம் ஒன்று நிறுவப்பெற்றது. அக்கழகத்தின் இளைஞர் கிளையாக 1929-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோன்றியதே 'போனி கிளப்' எனப்படும் மட்டக்குதிரைச் சங்கமாகும். தாய்க்கழகம் 1947-இல் வேறொரு சங்கத்தோடு இணைந்து பிரிட்டிஷ் குதிரைச் சங்கமாயிற்று. இளைஞர் சங்கமோ 1997 முதல் தனித்து இயங்குகின்றது.

'மட்டம்' என்றவுடன் தாழ்ந்தது என்று கொள்ளற்க. உயரத்தில் மட்டானது என்பதே பொருள். குதிரையின் உயரத்தைக் கழுத்தும் முதுகும் கூடும் மேட்டிலிருந்து நிலம்வரை அளப்பர். 4 அங்குலம் ஒரு 'கை' எனப்படும். 14 கை 2 அங்குலத்திற்கு, அஃதாவது 58 அங்குலத்திற்கு, மேற்படாதது மட்டக்குதிரை. சிறுவர் தம் கையாலேயே சேணம் வைக்கவும் கடிவாளம் இடவும் எட்டக்கூடிய உயரம் அதுவே.

சங்கம் ஊர்தோறும் கிளைகளாய்ப் பிரிந்துளது. ஒவ்வொரு கிளைக்கும் ஊதியம் பெறாத தலைவர் ஒருவர் உண்டு. பள்ளி விடுமுறைகளில் உறுப்பினர் கூடிப் பயில்வர். கோடையிற் சில நாள் பாசறை அமைத்துத் தங்குவர். 25 வயதுவரை உறுப்பினராய் இருக்கலாம். படிப்படியாகத் தேர்வுகள் உள. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தாகிய 'டி' என்பது தொடக்கநிலை. 'ஏ' என்பது முடிநிலை. இடையே பிற்காலத்தில் வேறு படிகளும் சேர்ந்தன. கீழ்ப்படியில் நிற்கும் சிறுவன், குதிரையை அஞ்சுவியாமல் அணுகுதல், அதன் உறுப்புக்களைப் பெயர் சொல்லிக் காட்டுதல், துணைக்கயிறின்றி மெல்ல ஓட்டிச் செல்லுதல் முதலியவற்றைக் காட்டினாற் போதும். மேற்படியை எட்டுவோனோ பிறர்க்குக் கற்பிக்கவும் பயிலாத குதிரையைப் பழக்கவும் வல்லனாதல் வேண்டும். எந்தப் படியாயினும், சவாரித் தேர்வோடு பேணுதல் தேர்வும் உடன் நிற்கின்றது. எத்துணை அழகாகத் தடை தாண்டினும், கொட்டிலில் விடை கூற இயலாதவன் அப்படியைக் கடத்தல் அரிது. இவ்வொரு விதியே இச்சங்கத்தின் உயிர்நிலை என்பது என் கருத்து.

அக்கொட்டிற் கல்வியுட் சில காண்போம். குதிரைக்குக் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்துள்ளன. ஆகலின் ஏறக்குறையச் சுற்றெங்கும் பார்க்கும். ஆயினும் மூக்கின் நேர் முன்னும் வாலின் நேர் பின்னும் அதற்குத் தெரியா. பின்புறமாக ஓசையின்றி வருபவனை அது புலி என்றே கொள்ளும், உதைக்கும். அது குதிரையின் குற்றம் அன்று. தோளின் பக்கமாகப் பேசிக்கொண்டே அணுகுக என்பது முதற்பாடம்.

இரண்டாவது குளம்பு. சவாரிக்கு முன்னும் பின்னும் நான்கு கால்களையும் தூக்கிக் குளம்பினுள் சிக்கிய கல்லையும் மண்ணையும் சிறு கொக்கியால் அகற்றுதல் வேண்டும். குதிகாலிலிருந்து நுனி நோக்கிக் கொக்கியை இழுக்க வேண்டுமேயன்றி எதிராக இழுத்தலாகாது. நடுவிலுள்ள மென்பகுதி புண்படும். நம் நகம்போலக் குளம்பும் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஏறத்தாழ ஆறு வாரத்துக்கொருமுறை இலாடத்தைக் கழற்றிக் குளம்பைச் செதுக்கிக் கட்டல் வேண்டும். குளம்பு கெட்ட குதிரைக்கு வேறு எவ்வுறுப்பு நன்றாயிருந்தும் பயனில்லை.

மூன்றாவது உணவு. இங்கே சிறிது நின்று நோக்குதல் தகும். இயற்கையில் குதிரை நாளின் பெரும்பகுதியும் மேய்ந்துகொண்டே இருக்கும் விலங்கு. அதன் பருத்த உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது. சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணுதற்கே அது அமைந்துளது. மேலும் குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. உண்டது ஒவ்வாதாயின் வெளியேற்ற வழியில்லை. வயிற்றுநோவு கண்ட குதிரை தரையில் விழுந்து புரளும். குடல் முறுக்கிக்கொண்டால் மாண்டுபோம். தானியம் மிகுந்தால் குளம்பின் உட்புறத்தில் அழற்சி உண்டாகி நிற்கவும் மாட்டாது தவிக்கும். ஆதலால் தழையும் புல்லுமே பெரும்பங்கு. தானியம் வேலைக்கேற்ற அளவு. தீனிக்கு முன் நீர். உண்டபின் ஒருமணி நேரமேனும் ஓய்வு. இவற்றைச் சங்கத்துச் சிறுவர் வாய்பாடுபோல ஒப்பிப்பர்.

இவ்வறிவு இல்லாதவிடத்து யாது விளையும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று பகர்கின்றது. தமிழகம் நல்ல குதிரை பிறக்கும் நாடன்று. கடல்வழி வந்த குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே பட்டினப்பாலை காட்டுகின்றது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னோடு திருப்பெருந்துறை சென்ற அமைச்சர் மாணிக்கவாசகரின் வரலாற்றை அறியாதார் இலர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரையை அடைந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசர் ஒருவர் மட்டும் ஆண்டொன்றுக்கு 2000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சுவதாகவும் எழுதிவைத்தார். குதிரை மருத்துவமும் இலாடத் தொழிலும் அறிந்தார் இங்கு இலர். வணிகர் தாமும் அத்தகையாரை அழைத்து வாரார். குதிரைகள் இறந்தாலன்றோ அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பது அவர் கூறும் காரணம். சோற்றோடு சமைத்த இறைச்சியையும் குதிரைக்கு ஊட்டியதாகவும் குறிக்கின்றார். சிறிது காலத்திற்குப் பின் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், வறுத்த தானியமும் நெய்யிற் கலந்த உணவும் காய்ச்சிய பாலும் கொடுத்து நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்தனர் என்கின்றார்.

அயலார் கூற்றில் மிகையும் இருக்கும். வெப்பமும் ஒரு காரணம் ஆகலாம். இங்கும் குதிரை நூல் வல்லார் இருந்தனர் என்பதற்கு நம் நூல்கள் கூறும் ஐவகைக் கதிகளே அடையாளம். ஆயினும் அவ்விருவர் கூற்றையும் மேலே கண்ட இரைப்பைச் செய்தியோடு வைத்துப் பார்மின்! நெய்யும் பாலும் அன்பினாற் கொடுத்தவையே; குதிரையைத் தெய்வம்போல எண்ணியே கொடுத்திருப்பர். புல் தின்னும் விலங்குக்கு விருந்திட்டு, நடையின்றிக் கட்டிவைத்தால், அவ்வன்பே நஞ்சாகும். அரசனது பொன் ஆண்டுதோறும் அரபிக் கரைக்குச் சென்றமைக்கு அறியாமை ஒரு காரணமாதல் கூடும். நம் கொள்ளு, நெல்லைப் பக்கத்தார் காணம் என்பது, குதிரைக்கு நல்ல தீனி என்று பின்னாளில் உலகறிந்தது வேறு செய்தி.

இனிப் போட்டிகளைக் காண்போம். அவற்றுட் பெரியோர்க்கும் இளையோர்க்கும் பொதுவாய தலையாய போட்டி மும்முறைத் தேர்வாகும். படைக்குதிரையின் தகுதியை ஆராய்தற்கு ஏற்பட்ட இது 1912-இல் ஸ்டாக்ஹோம் நகர ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. முதலாவது 'டிரஸாஜ்' எனப்படும் நடைத் தேர்வு. 20 மீட்டர் அகலமுள்ள களத்தில், ஓரத்தில் எழுத்துக்கள் நிறுத்தப்பட்டிருக்கும். குறித்த எழுத்தில் நடை மாறுதல், வட்டமிடுதல், அசையாது நிற்றல் முதலியவற்றைச் செய்தல் வேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுவர். இரண்டாவது வெட்டவெளி ஓட்டம். மரக்கட்டை, பள்ளம், நீர்நிலை ஆகியவற்றைக் கடந்து ஓடல். மறுத்து நின்ற குதிரைக்கு முதன்முறை 20 தண்டப்புள்ளி. மூன்றாவது அரங்கினுள் தடை தாண்டல். ஒரு கழி வீழ்ந்தால் 4 புள்ளி இழப்பு. முந்தின நாள் காட்டிலும் மேட்டிலும் ஓடிய குதிரை இன்றும் வளைந்து கொடுத்து, கவனத்தோடு தாண்டவல்லதாய் இருக்கின்றதா என்று காண்பதே மூன்றாவதன் நோக்கம்.

பெரிய போட்டிகளில் இவற்றிடையே அமைந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்பவர் பெரிதும் கவனியார். இறுதித் தேர்வுக்கு முன் குதிரைகளை மருத்துவரும் நடுவரும் பார்வையிடுவர். சேணமின்றி, ஏறுவோர் பக்கத்தில் ஓடிவர, கெட்டித் தரையில் ஒவ்வொரு குதிரையும் நடந்தும் ஓடியும் காட்டல் வேண்டும். ஒரு கால் சற்றே நொண்டினாலும் முதலிடத்தில் நின்றவரும் விலக்கப்படுவர். முன்னாள் இரவெல்லாம் கொட்டிலில் விழித்திருந்து கால்களுக்கு ஈரத்துணி சுற்றியவரின் உழைப்பு அந்தச் சில கணங்களிலே வெளிப்படும்.

இப்பார்வை எளிதில் வந்ததன்று. 1892-இல் ஜெர்மானிய, ஆஸ்திரியப் படைத்தலைவர்கள் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே குதிரையோட்டம் ஒன்று நடத்தினர். 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியை ஆஸ்திரியராகிய ஸ்டார்ஹெம்பெர்க் பிரபு ஏறத்தாழ 71 மணி நேரத்திற் கடந்து வென்றார். அவரைச் சுமந்த 'ஆதாஸ்' என்னும் குதிரை வெற்றிக்குப்பின் மாண்டது. வேறு பல குதிரைகளும் மாண்டன. ஐரோப்பாவெங்கும் கண்டனம் எழுந்தது. இன்று அத்தகைய நெடுந்தூர ஓட்டங்களில் இடையிடையே மருத்துவச் சாவடிகள் உள. அமைதியாய் நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும். ஓடிவந்தது குறித்த நேரத்திற்குள் 64-க்கு இறங்குதல் வேண்டும் என்பது அனைத்துநாட்டுப் போட்டிகளின் பொதுவிதி. இறங்காவிடின் அக்குதிரை அங்கேயே நிறுத்தப்படும். முதலில் வந்தவன் வென்றவன் அல்லன். வந்தபின் நாடி தணியும் குதிரையை உடையவனே தொடர்வான். ஆதாஸின் நாடியை அளப்பார் அன்று ஒருவர் இருந்திருப்பின் அப்பிரபுவுக்கு வெற்றி கிட்டியிராது, குதிரை பிழைத்திருக்கும்.

எவ்வளவு பேணினும் சாவைத் தடுத்தல் எப்பொழுதும் இயலுவதன்று என்பதையும் ஒளியாமற் கூறல் வேண்டும். சங்கத்திற் பயின்று வளர்ந்தவர் லூசிந்தா பிரையர்-பாமர் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1949-இல் தொடங்கிய பாட்மின்டன் மும்முறைத் தேர்வில் 1973 முதல் 1984 வரை ஆறுமுறை, ஆறு வெவ்வேறு குதிரைகளின்மேல், அவர் முதற்பரிசு பெற்றார். 1976-இல் அவரைச் சுமந்து வென்ற 'வைட் அவேக்', பரிசு பெற்று வலம் வருகையிலேயே களத்தில் வீழ்ந்து உயிர் துறந்தது.

ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகளில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் சமமாகப் போட்டியிடுகின்றனர். 1952-க்கு முன் பெண்டிர்க்கு அங்கு இடமில்லை. அவ்வாண்டு ஹெல்சிங்கியில் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழ் உணர்விழந்தவர் அவர். பிறர் தூக்கி வைத்தே ஏறினார். காலால் அடித்து ஏவும் வன்மையால் குதிரை நடைபயில்வதன்று என்பதை அவரினும் நன்கு காட்டியவர் இலர். சினத்தோடு குதிரையை அணுகற்க என்று கிரேக்கத்துச் செனபோன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தம் பரிநூலில் விதித்திருந்தார்.

இளையோர்க்கே உரிய போட்டிகளில் மகிழ்ச்சி மிகுந்தது குதிரை விளையாட்டு. விலையுயர்ந்த குதிரை இல்லாத சிறுவரும் கலந்துகொள்ளும் போட்டி ஒன்று வேண்டுமென்று இளவரசர் பிலிப் விரும்பினார். பெரிய குதிரைக் காட்சியொன்றை நடத்திவந்த கர்னல் மைக் ஆன்செல் அதனை வகுத்தார். போரிற் கண்ணொளி இழந்தவர் அவர். 1957 முதல் இளவரசர் பெயரால் கோப்பை வழங்கப்படுகின்றது. குழுவுக்கு ஐவர். வரிசையாய் நட்ட கம்பங்களிடையே வளைந்தோடல், ஓடும்போதே கொடியைப் பிடுங்கி வேறிடத்தில் செருகல், இறங்கிச் சாக்கினுட் புகுந்து குதிரையோடு துள்ளி ஓடல், ஓடுகின்ற குதிரைமேல் தாவி ஏறல் என்று பலவகை. சவுக்கும் குதிமுள்ளும் கொண்டு வருதல் அறவே கூடாது. கொடியருகே நிற்கும் குதிரை அடியினால் நிற்பதன்று. நாடோறும் தன்னைத் தேய்த்துவிடும் கையை நம்பி நிற்பது. இத்தகைய சிறுவர் விளையாட்டை ஆங்கிலேயர் 'ஜிம்கானா' என்பர். அச்சொல் இந்தியாவிலிருந்து அங்குச் சென்றது. நம்மவர் அதனை 1884-இல் தோன்றிய சென்னை ஜிம்கானா கழகத்தின் பெயராக மட்டுமே அறிந்துளோம்!

இச்சங்கத்தின்மேற் குறை கூறுவாரும் உளர். இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்பது ஒன்று. நரிவேட்டைக் குழுக்களோடு ஒட்டி வளர்ந்தது என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல. கிளைகள் பலவும் வேட்டைக் குழுக்களின் பெயரையே தாங்கின. நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பெயர்கள் மட்டும் பல இடங்களில் எஞ்சியுள்ளன. சொந்தக் குதிரை இல்லாதார் சவாரிப் பள்ளிகளின் வாயிலாக உறுப்பினராகும் வழி பின்னர் ஏற்பட்டது. ஆயினும் குதிரை வளர்ப்பு எந்நாட்டிலும் செலவு மிக்கதே. அதனை மறைப்பதில் பயனில்லை.

நம் நாட்டிலும் இக்கலை படையினரிடமே நெடுங்காலம் தங்கியிருந்தது. 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டில் 61-ஆம் குதிரைப்படையைச் சேர்ந்த இரகுபீர் சிங் மும்முறைத் தேர்வில் தனிப்பொன்னும் குழுவோடு மற்றொரு பொன்னும் பெற்றார். 2018-இல் ஜகார்த்தாவில் பெங்களூர் இளைஞர் புவாத் மிர்சா அதே தேர்வில் தனிவெள்ளி பெற்றார். 2023-இல் சீனத்தின் ஹாங்சௌவில் இளைஞர் நால்வர் அடங்கிய குழு நடைத் தேர்வில் பொன் வென்றது. நால்வருள் ஒருவராகிய சுதிப்தி ஹஜேலா அப்பொழுது 21 வயதினர். அவர்கள் தம் வீட்டைவிட்டு ஐரோப்பாவில் தங்கியே பயிலவேண்டியிருந்தது.

கல்லூரி மாணவர்க்கு அண்மையிலுள்ள வாயில் தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவுகளே. நாட்டில் அவை சிலவே. பெரும்பாலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்து இயங்குகின்றன. மருத்துவரும் குதிரையேறுவோரும் ஒரே கொட்டிலிற் பயிலும் அவ்வமைப்பு, பாண்டியனது கொட்டிலில் இல்லாதிருந்த ஒன்றாகும். அங்குச் சேர விரும்பும் நண்பர்கள், முதல் வாரத்தில் தம் கையில் கடிவாளம் அன்றித் தேய்க்கும் தூரிகையும் குளம்புக் கொக்கியும் சாணம் வாரும் கூடையும் கொடுக்கப்பெறின், வியப்படையாதிருப்பாராக.